மாளிகைகளின் வரலாறும் மண்ணின் வரலாறும்: வர்ஜீனியாவின் சார்லஸ் சிட்டி கவுண்டி



நம் மாவட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் ஏதாவது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். எந்த ஜமீன் எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தது, எந்த மிராசுதார் எந்தச் சத்திரத்தைக் கட்டினார், யார் குளம் வெட்டினார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். குளத்தை வெட்டுவித்தவரை 'வெட்டியவர்' என்று எழுதுவது நம் வரலாற்று மொழியின் வழக்கம். உண்மையில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதைச் சொல்லவும், அதை உடைத்தவர்கள் எப்படி உடைத்தார்கள் என்று பார்க்கவும் இன்று அமெரிக்காவின் ஒரு சின்னஞ்சிறு நிலப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன். வர்ஜீனியா மாநிலத்தின் சார்லஸ் சிட்டி கவுண்டி. பெயரில்தான் சிட்டி, நகரம் எதுவும் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏழாயிரத்துக்கும் குறைவு. ஆனால் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஒருவரையும், அடுத்தடுத்துப் பதவியேற்ற இரண்டு குடியரசுத் தலைவர்களையும் தந்த மண் அது. கவுண்டி என்பதை நம்மூர் வட்டத்தோடு ஏறக்குறைய ஒப்பிடலாம். ஆனால் அதற்கென்று நீதிமன்றம், வரி, ஷெரீஃப், பள்ளி நிர்வாகம் எல்லாம் உண்டு. ஆகவே அதை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் அன்றாட வாழ்க்கை முழுவதும்.

நிலம் எப்படிச் சொத்தானது

ஜேம்ஸ் ஆற்றுக்கும் சிக்கஹோமினி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் இது. ஆங்கிலேயர் வருமுன் வெயனோக், சிக்கஹோமினி முதலிய பூர்வகுடிகள் அங்கே சோளம் விதைத்து வாழ்ந்தார்கள். சிக்கஹோமினி மக்கள் பேரரசர் பொவ்ஹாட்டனின் நேரடி ஆட்சிக்குக்கூட உட்படாமல் பெரியோர் அவை ஒன்றின் வழியாகத் தங்களைத் தாங்களே ஆண்டவர்கள்.

1619ஆம் ஆண்டு கோடையில் ஜேம்ஸ்டவுனில் வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம் கூடியது. அதே கோடையின் முடிவில் ஓர் ஆங்கிலக் கப்பல், கடலில் கைப்பற்றிய இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து உணவுப் பொருளுக்கு மாற்றாக இறக்கியது. அவர்களை வாங்கியவர்களில் ஒருவர் ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லி. வெயனோக் மக்களின் நிலத்தின் ஒரு பகுதிக்கும் அவரே உரிமையாளரானார். பிரதிநிதித்துவ ஆட்சி, அடிமை வாங்கல், நிலப் பறிப்பு மூன்றும் ஒரே மனிதரில் சந்திப்பதைக் கவனியுங்கள். அமெரிக்க ஜனநாயகத்தின் பிறந்தநாளையும் அமெரிக்க அடிமைமுறையின் பிறந்தநாளையும் தனித்தனியாகக் கொண்டாட முடியாது.

1634இல் வர்ஜீனியா எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டபோது அவற்றில் ஒன்றாக சார்லஸ் சிட்டி உருவானது. நிலம் கிடைக்க ஒரு வழி இருந்தது. காலனிக்கு ஓர் ஆளைக் கப்பல் செலவு கொடுத்து அழைத்துவந்தால் தலைக்கு 50 ஏக்கர். அந்த 'தலை' கூலி ஒப்பந்தத்தில் வந்த ஏழை ஆங்கிலேயனுடையதாக இருக்கலாம், ஆப்பிரிக்க அடிமையுடையதாகவும் இருக்கலாம். நிலம் அழைத்து வந்தவருக்கு; வந்தவருக்கு அல்ல. 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் பக்கத்துக் கடற்கரைகளில் ஏதோ ஒன்றிலிருந்து போன ஒரு மனிதன். அவனுடைய ஊர், தாய்மொழி, தகப்பன் பெயர் எதுவும் அந்தப் பட்டியலுக்குத் தேவைப்படவில்லை. அவன் 50 ஏக்கர். அவ்வளவுதான்.

மூன்று வீடுகள், ஒரே குடும்பம்

புகையிலைதான் பணம். புகையிலைக்கு நிலம் வேண்டும், ஆள் வேண்டும், சரக்கை ஏற்ற ஆற்றுத்துறை வேண்டும். ஆகவே ஜேம்ஸ் ஆற்றங்கரையை வளைத்துப் போட்டவர்கள் எழுந்தார்கள். பெர்க்லியில் ஹாரிசன் குடும்பம், வெஸ்ட்டோவரில் பேர்டு குடும்பம், ஷெர்லியில் ஹில் - கார்ட்டர் குடும்பம். இந்த மூன்று மாளிகைகளும் இன்றும் நிற்கின்றன.

இவர்களுக்குள் நடந்த திருமணங்களைப் பாருங்கள். பெருநிலக்கிழார் ராபர்ட் கார்ட்டரின் மகன் ஷெர்லியின் எலிசபெத் ஹில்லை மணந்தார். அதே கார்ட்டரின் மகள் ஆன், பெர்க்லியின் நான்காம் பெஞ்சமின் ஹாரிசனை மணந்தார். ஷெர்லியில் பிறந்த எலிசபெத் ஹில் கார்ட்டர், வெஸ்ட்டோவரின் மூன்றாம் வில்லியம் பேர்டுக்கு மனைவியானார். மூன்று வீடுகள், கொடிவழி ஒன்றுதான். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916இல் கட்டுரை வாசித்தாரே அண்ணல் அம்பேத்கர், அந்தக் கண்ணோடு இதைப் பாருங்கள். வர்க்கம் கதவைச் சாத்திக்கொள்ளும்போது என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஆற்றங்கரை ஒரு சாட்சி.

திருமணத்தால் சேர்ந்த சொத்தை அதிகாரத்தால் காத்தார்கள். கவுண்டி நீதிமன்றத்தின் நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பார். யாரை நியமிக்கலாம் என்று பரிந்துரைப்பதோ அந்த நீதிமன்றமே. தேவாலய நிர்வாகக் குழுவில் இடம் காலியானால் அக்குழுவே தன் ஆளை நிரப்பிக்கொள்ளும். சட்டமன்றத்துக்குக் கவுண்டிக்கு இருவர்; வாக்களிக்கச் சொத்து வேண்டும். நீதிபதியாக, தேவாலயக் குழு உறுப்பினராக, படை அதிகாரியாக, சட்டமன்ற உறுப்பினராக மாறி மாறி வந்தவர்கள் ஒரு கை விரலில் அடங்கும் குடும்பங்களே. அவர்களுக்குள் போட்டி இருந்தது உண்மைதான். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐந்தாம் பெஞ்சமின் ஹாரிசன், 1785இல் சொந்தக் கவுண்டியில் ஜான் டைலரின் தந்தையிடம் தோற்றார். ஆற்றைக் கடந்து சர்ரி கவுண்டியில் நின்று வென்று மறுபடி அவைக்குள் வந்துவிட்டார். தோற்றாலும் வெளியே போகாத தேர்தல் அது. கொத்திய கைகளுக்கும் களை பறித்த கைகளுக்கும் அந்தப் போட்டியில் பார்வையாளர் இடம்கூடக் கிடையாது. 1790இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள்.

வெஸ்ட்டோவரின் இரண்டாம் வில்லியம் பேர்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரிச்மண்ட் நகரை நிறுவியவர் என்று பாடநூல்கள் அவரைப் போற்றும். காலனியின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அவருடையது. ரகசியச் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். காலையில் எழுந்து எபிரேயமும் கிரேக்கமும் படித்தது, கடவுளைத் தொழுதது, உடற்பயிற்சி செய்தது எல்லாம் அதில் வரும். அதே பக்கங்களில் யாரைச் சவுக்கால் அடித்தார் என்பதும் வரும். யூஜீன் என்ற அடிமைச் சிறுவன் படுக்கையை நனைத்ததற்காக அவனைச் சிறுநீர் குடிக்கவைத்ததை 1709ஆம் ஆண்டுக் குறிப்பில் எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதிவைத்திருக்கிறார். தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிரேக்கம் படித்தவன் ஏன் இப்படிச் செய்தான் என்று சிலர் வியப்பார்கள். படிப்புக்கும் அவனுடைய கொடுமைக்கும் இடையே அவன் மனதில் எந்த மோதலும் இல்லை என்பதே நாட்குறிப்பு தரும் பாடம். இரண்டும் அவனுக்கு அன்றாடக் கடமை.

அவருடைய மகன் மூன்றாம் பேர்டு சூதாட்டத்தில் அழிந்தார். 1768இல் நிலங்களைப் பரிசுச்சீட்டு முறையில் விற்கப் பார்த்தார். 1777 புத்தாண்டு நாளில் தற்கொலை செய்துகொண்டார். ஒரு பெருமகனின் வீழ்ச்சி என்று இதைச் சோகக் கதையாக எழுதுவார்கள். எசமானின் கடன் முற்றினால் அடிமைக் குடும்பங்களுக்கு என்ன பொருள்? தாய் ஓர் ஊருக்கும் பிள்ளை ஓர் ஊருக்கும் விற்கப்படுவதுதான் பொருள். அவர்களுக்கு அது இன்னொருவருடைய சோகக் கதையின் பின்விளைவு அல்ல. அதுவே அவர்களுடைய வரலாறு.

சட்டம் செய்த வேலை

வர்ஜீனியாவில் அடிமைமுறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இதே குடும்பங்கள் உட்கார்ந்த அவையில் ஒவ்வொரு சட்டமாக அது கட்டப்பட்டது. 1662இல், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் வந்தது. ஆங்கிலேய மரபில் பிள்ளை தகப்பன் வழி. அதை மாற்றியதால், எசமான் அடிமைப் பெண்ணைக் கெடுத்துப் பெற்ற பிள்ளையும் அவனுக்கே சொத்தானது. 1667இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்றார்கள். 1669இல், தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் எசமான் மேல் கொலைக்குற்றம் இல்லை என்றார்கள். 1691இல் இனக்கலப்புத் திருமணத்துக்குத் தடை. 1692இல் அடிமைகளுக்கு ஜூரி இல்லாத தனி விசாரணை. 1705இல் எல்லாவற்றையும் தொகுத்து, அடிமைகளை நிலத்தைப் போன்ற அசையாச் சொத்தாக வகைப்படுத்தினார்கள். 1723இல் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரின் வாக்குரிமையும் பறிபோனது.

இடையில் 1676இல் பேக்கன் கலகம் நடந்தது. வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பின அடிமைகளும் ஆளுநருக்கு எதிராகச் சேர்ந்து ஆயுதம் ஏந்தினார்கள். அது புனிதமான புரட்சி அல்ல; பூர்வகுடிகளைக் கொன்று குவித்த கலகமும் அதுதான். ஆனாலும் ஏழை வெள்ளையனும் கறுப்பினத்தவனும் ஒரே அணியில் நின்றது ஆண்டவர்களை அச்சுறுத்தியது. அதற்குப் பின் வந்த சட்டங்கள் ஏழை வெள்ளையனுக்கு நிலம் தரவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற மிதப்பைத் தந்தன. படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது எப்படி வேலை செய்யும் என்பதை இங்கே காணலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அடிமைமுறையும் தீண்டாமையும் ஒன்றே அல்ல. அடிமையை எசமான் வீட்டுக்குள் வைத்துச் சமைக்கச் சொன்னான். நம்மைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை. அங்கே சட்டம் எழுதிச் செய்ததை இங்கே சாஸ்திரமும் ஊர்க்கட்டுப்பாடும் செய்தன. ஒப்பிடுவது ஒன்றாக்குவதற்காக அல்ல, ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்றைப் பார்ப்பதற்காக. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனுவின் படியைக் கேட்டார். இந்தக் கண்ணோட்டம் நமக்குப் புதிதல்ல. முன்னோர் தந்துவிட்டுப் போனது.

மாளிகைக்கு வெளியே

இனி, மாளிகை வரலாறு சொல்லாதவற்றுக்கு வருகிறேன். 1782இல் எசமான் விரும்பினால் அடிமையை விடுவிக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. அடிமைமுறையைப் பாவம் என்று கருதிய குவேக்கர்கள் பலரை விடுவித்தார்கள். சார்லஸ் சிட்டியில் சுதந்திரக் கறுப்பினத்தவரின் சமூகம் ஒன்று வேரூன்றியது. 1810இல் அவர்கள் ஈலம் பாப்டிஸ்ட் தேவாலயத்தைத் தொடங்கினார்கள். அதற்கு இடம் தந்தவர் ஆபிரகாம் பிரவுன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர். அடிமைக் கவுண்டியின் நடுவில் சொந்த நிலத்தில் சொந்தக் கோயில்!

அந்தச் சுதந்திரத்தின் அளவையும் பாருங்கள். 1793ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் நீதிமன்ற எழுத்தரிடம் போய்ப் பதிந்து சான்று வாங்க வேண்டும். உயரம், நிறம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் அதில் எழுதப்படும். 1806க்குப் பின் புதிதாக விடுதலை பெற்றவர் 12 மாதங்களுக்குள் மாநிலத்தைவிட்டே போய்விட வேண்டும். அந்த எழுத்தர் அலுவலகத்தை நினைவில் வையுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

இதே கவுண்டியில் ஏறத்தாழ 1780இல் அடிமையாகப் பிறந்தவர் லாட் கேரி. ரிச்மண்டின் புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்து, எழுத்துக் கற்று, பணம் சேர்த்து, 1813இல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விலை கொடுத்து மீட்டார். 1821இல் போதகராக ஆப்பிரிக்கா சென்று லைபீரியாவைக் கட்டியவர்களில் ஒருவரானார். அங்கே குடியேறியவர்களுக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் சண்டை மூண்டது. அதற்குத் தோட்டா தயாரிக்கும்போது நடந்த வெடிவிபத்தில் 1828இல் இறந்தார். ஒடுக்கப்பட்டவர் இன்னொருவர் நிலத்தில் குடியேறியவராக நின்ற அந்த முரணை மறைக்காமல் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. புனிதர் பட்டியல் நமக்கு வேண்டாம், வரலாறு வேண்டும்.

இரண்டு தலைவர்கள், ஒரு கோட்டை

1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மரக்குடிசையில் வாழும் எளிய மனிதராக மக்களிடம் காட்டப்பட்டார். அவர் பிறந்தது பெர்க்லியின் செங்கல் மாளிகையில்! 1841இல் பதவியேற்ற 31ஆம் நாள் இறந்தார். துணைத்தலைவர் ஜான் டைலர் அப்பதவிக்கு வந்தார். அவரும் இதே கவுண்டியில் பிறந்தவர். டெக்சாஸை அடிமை மாநிலமாக இணைக்கும் தீர்மானத்தில் 1845இல் கையொப்பமிட்டார். ஓய்வுபெற்று இங்கே 300 அடிக்கு மேல் நீளமுள்ள ஷெர்வுட் ஃபாரஸ்ட் என்ற வீட்டில் அடிமைகளோடு வாழ்ந்தார். உள்நாட்டுப் போர் வந்தபோது, தாம் தலைமை வகித்த நாட்டையே விட்டுப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் அவைக்குத் தேர்வானார். 1862 ஜனவரியில் இறந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1864 மே மாதம், கறுப்பினப் படைப்பிரிவுகள் இந்தக் கவுண்டியின் ஆற்றங்கரையில், வில்சன்ஸ் வார்ஃப் என்ற இடத்தில், மண்கோட்டை எழுப்பின. அடிமைகளைக் கொடுமைப்படுத்துவதில் பெயர்பெற்ற வில்லியம் கிளாப்டன் என்ற பண்ணையாரைப் பிடித்துவந்தார்கள். அவருடைய பழைய அடிமையான ஒரு படைவீரரும், அவரிடம் அடிபட்ட பெண்களும் அவர் கையிலிருந்த சவுக்கின் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். கறுப்பின சார்ஜென்ட் ஜார்ஜ் ஹாட்டன் அதைக் கடிதமாக எழுதி இதழுக்கு அனுப்பினார். பழிவாங்கல் நீதியாகுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பெண்களை அடித்த நாட்களில் அந்தக் கேள்வியைக் கேட்க அந்தக் கவுண்டியில் ஒரு நீதிமன்றமும் இருக்கவில்லை.

மே 24 அன்று ஃபிட்ஸ்ஹியூ லீ, எண்ணிக்கையில் விஞ்சிய குதிரைப்படையோடு வந்து, சரணடையச் சொன்னார். மறுத்தார்கள். தாக்கினார். தோற்றுப் பின்வாங்கினார். யார் இந்த லீ? தளபதி ராபர்ட் லீயின் அண்ணன் மகன். ராபர்ட் லீயைப் பெற்ற ஆன் ஹில் கார்ட்டர் இதே கவுண்டியின் ஷெர்லி மாளிகையில் பிறந்தவர். அதாவது, பாட்டி பிறந்த மண்ணில், பாட்டி வீட்டார் அடிமைகளாக வைத்திருந்த இனத்தவரின் துப்பாக்கிக்கு முன்னால் பேரன் புறமுதுகிட்டார். ஆனால் வரலாறு அங்கே முடிந்துவிடவில்லை. 1886இல் அதே லீ வர்ஜீனியாவின் ஆளுநரானார்.

தோற்றபின் திரும்பிய அதிகாரம்

1902இல் வர்ஜீனியாவுக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி, அதுவும் மூன்றாண்டுப் பாக்கியில்லாமல் கட்டினால்தான் வாக்கு. கறுப்பினத்தவரோடு ஏழை வெள்ளையர் பலரும் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். 1924இல் இனத்தூய்மைச் சட்டம். ஒரு துளி கறுப்பு இரத்தம் இருந்தாலும் வெள்ளையர் அல்லர். ஆனால் பூர்வகுடிப் பெண் பொகாஹோன்டஸின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிய மேட்டுக்குடிக் குடும்பங்களுக்காக அதிலேயே ஒரு விலக்கு எழுதப்பட்டது. அவர்களுக்குப் பூர்வகுடி இரத்தம் அணிகலன். உயிரோடு இருந்த சிக்கஹோமினி மக்களையோ, பதிவு அதிகாரி வால்டர் பிளெக்கர் 'நிறத்தவர்' என்று மாற்றி எழுதி, காகிதத்தில் இல்லாமலே ஆக்கினார்.

வெஸ்ட்டோவர் பேர்டுகளின் வழித்தோன்றல் ஹாரி பேர்டு, ஆளுநராகவும் 1933 முதல் 1965 வரை செனட்டராகவும் இருந்து மாநில அரசியலையே கைக்குள் வைத்திருந்தார். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 1956இல் அதற்கு எதிராகப் பேரெதிர்ப்பு இயக்கத்தை முடுக்கியவர் அவர். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளை மூடினார்கள். சார்லஸ் சிட்டியிலோ வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு வேறு, பூர்வகுடிகளுக்கு வேறு. அதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கும் பக்கத்து நியூ கென்ட் கவுண்டியின் வழக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒன்றாகவே சென்றன. நியூ கென்ட் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம், பிரிவினையை வேரோடு ஒழிப்பது பள்ளி நிர்வாகத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது.

1967இல் ஒரு மாற்றம் நடந்தது. இனக்கலப்புத் திருமணத் தடையை அவ்வாண்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1691இல் போட்ட பூட்டு 276 ஆண்டுகளுக்குப் பின் திறந்தது. அதே ஆண்டில் சார்லஸ் சிட்டி கவுண்டியின் நீதிமன்ற எழுத்தராக ஐயோனா ஆட்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அலுவலகத்தை நினைவில் வையுங்கள் என்று சொன்னேனே, அதேதான்! கறுப்பினத்தவரின் தழும்புகளைக் குறித்துவைத்த பதவி. மனிதரைச் சொத்தாகப் பட்டியலிட்ட உயில்களைக் காத்த பதவி. உள்நாட்டுப் போரில் சிதறியது போக எஞ்சிய அந்த ஏடுகளின் சாவி அவர் கைக்கு வந்தது. சிக்கஹோமினி மக்களுக்கோ, நீங்கள் இருக்கிறீர்கள் என்று கூட்டரசு ஒப்புக்கொள்ள 2018 ஜனவரி வரை ஆயிற்று.

நமக்கு என்ன

1790இல் பிறந்த ஜான் டைலரின் பேரன் ஹாரிசன் ரஃபின் டைலர் 2025 மே மாதம்தான் இறந்தார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே 235 ஆண்டுகள். அதெல்லாம் எப்போதோ நடந்தது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வரலாறு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பினப் படைவீரர்கள் கட்டிய அந்த மண்கோட்டை காடு மூடிக் கிடந்தபோது, 1996இல் அந்த நிலத்தை வாங்கிப் பாதுகாத்தவரும் இதே பேரன்தான். அவருக்கு உரிய நன்றியைச் சொல்வோம். ஆனால் அதைக் காக்கும் வசதியும் அந்தக் குடும்பத்திடமே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

வெஸ்ட்டோவர் தோட்டத்தில் இரண்டாம் பேர்டின் கல்லறை, நீண்ட புகழ்மொழியோடு நிற்கிறது. யூஜீன் எங்கே புதைக்கப்பட்டான் என்று காட்ட ஒரு கல் இல்லை. ஆனால் யூஜீனின் பெயர் நமக்குத் தெரிகிறது. எப்படி? அவனை வதைத்தவனின் கையெழுத்திலிருந்தே! ஆதிக்கம் தன் கணக்கைத் தானே எழுதிவைக்கும். வரி வாங்க, பங்கு பிரிக்க, கடன் வசூலிக்க அதற்குக் கணக்கு தேவை. அந்தக் கணக்கை எதிர்த்திசையிலிருந்து வாசிப்பதே நம் வேலை.

மாணவர்களே, உங்கள் வட்டத்தின் பழைய நிலப் பதிவேடுகளைத் தேடிப் போங்கள். பஞ்சமி நிலம் யார் பெயரில் இருந்து யார் பெயருக்குப் போனது என்று சர்வே எண் வாரியாக எழுதுங்கள். கோயில் கல்வெட்டில், பத்திரத்தில், பண்ணைக் கணக்கில் ஆளாகவும் உருப்படியாகவும் எழுதப்பட்டவர்களைப் பெயராக எடுத்து எழுதுங்கள். சேரியின் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து எந்த வயலை யார் திருத்தினார் என்று கேளுங்கள். கேட்ட நாளையும் குறித்துவையுங்கள். நினைவுச் சொற்பொழிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை நடத்துகிறோம். அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்களில் ஒருவர் உங்கள் ஊரின் வரலாற்றோடு வந்து நிற்க வேண்டும். அதில், குளத்தை வெட்டியவர் என்ற சொல்லுக்கு மண்வெட்டி பிடித்தவர் என்றே பொருள் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.